மலிவு மிஷினில் சிக்கிய மோதிரம்

வாசகர் எழுதியது, சுருக்கமாக:

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் இந்த வாசகருக்கு வயது 34. மின்தூக்கிப் பராமரிப்பு வேலை, மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். எட்டு மாதங்களுக்கு முன் கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300 மெட்டல் டிடெக்டர் ஒன்றை 280 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மணலில் புதைந்த உலோகப் பொருள்களைத் தேட ஞாயிறு விடியற்காலையில் கடற்கரையில் கூடும் ஏழெட்டுப் பேர் குழுவில் சேர்ந்துகொண்டார். அங்கே மூத்தவரை எல்லாரும் ‘அண்ணன்’ என்கிறார்கள். அவர் கையில் மைன்லேப் நிறுவனத்தின் விலை உயர்ந்த மேண்டிகோர் மிஷின். மற்றவர்களிடமும் ஆயிரம் வெள்ளிக்குக் குறைந்த மிஷின் கிடையாது. வாசகரின் மிஷினுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிள்ளைகள் சாமான்’. ஈர மணல் பக்கம் போனால், “எங்க சிக்னலக் கெடுக்காத தம்பி, மேல போ” என்று விரட்டுகிறார்கள். போன மாதம் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது, அண்ணன் ஒரு வெள்ளி மதிப்புள்ள நாணயத்தை இரண்டு மிஷின்களுக்கும் மாறி மாறிக் காட்டினார். வாசகரின் மிஷின் நாணயம் இல்லாதபோதும் கத்தியது, இருந்தபோதும் கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே அண்ணன் தன் பழைய மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மிஷினை 1,100 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்ல, வாசகர் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் 300 வெள்ளி அனுப்பிவிட்டார். மீதியைத் தீபாவளிக்கு ஊருக்குப் போக மனைவி சேர்த்துவைத்திருக்கும் பணத்திலிருந்து எடுக்க நினைக்கிறார். மனைவிக்கு இன்னும் தெரியாது. இதற்கிடையில் இரண்டு வாரங்களுக்கு முன், “இங்க ஒண்ணும் இல்ல, நான் முடிச்சிட்டேன்” என்று அண்ணன் கைகாட்டிய காய்ந்த மணலில், அரை அடி ஆழத்தில், வாசகருக்கு ஒரு 916 தங்க மோதிரம் கிடைத்தது. உள்பக்கம் இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் பொறித்திருக்கின்றன. இடத்தைக் காட்டியது தான் என்பதால் பாதிப் பங்கு வேண்டும் என்கிறார் அண்ணன்.

கேள்விகள் நான்கு. என் மிஷின் உண்மையிலேயே மட்டமா? ஈக்வினாக்ஸை வாங்கலாமா? அண்ணனுக்குப் பங்கு உண்டா? மோதிரத்தைத் தேக்கா நகைக்கடையில் விற்று மீதி 800 வெள்ளியைக் கட்டிவிடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்களை அரிப்பது முதல் கேள்வி. கடிதத்தில் முக்கால் பங்கு அதற்கே போயிருக்கிறது. ஒரு வழக்கறிஞராக என்னை உறுத்துவது, கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கும் நான்காவது கேள்வி. அதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: விற்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மிஷின்.

கீழ்த்தளத்தில் நடந்தது சோதனையே அல்ல

புளோக்கின் கீழ்த்தளத் தரை கான்கிரீட். அதற்குள் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி ஓடும். தலைக்கு மேலே விளக்கு, மின்கம்பி, பக்கத்தில் மின்தூக்கி. உங்கள் தொழிலே அது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவற்றுக்கு நடுவில் டிடெக்டரை முடுக்கினால் எந்த மிஷினும் உளறும். அதைவிடப் பெரிய காரணம், மேசையின் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த மேண்டிகோர். டிடெக்டர் என்பது ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் கருவி. உங்களுடையது 8 கிலோஹெர்ட்ஸில் அனுப்பிவிட்டு அதே அலைவரிசையில் காது கொடுக்கிறது. ஒரு மீட்டர் தள்ளிப் பல அலைவரிசைகளில் ஒருசேர அனுப்பும் மிஷின் ஒன்று ஓடினால், அதன் அலையும் உங்கள் காயிலில், அதாவது மணல்மேல் வீசும் கம்பிச்சுருள் தட்டில், விழும். இரண்டு மிஷின்களுக்கு இடையே குறைந்தது பத்து மீட்டராவது வேண்டும். ஆகவே “எங்க சிக்னலக் கெடுக்காத” என்பது பொய்யில்லை. ஆனால் கெடுதல் இரண்டு பக்கமும்தான். விலை அதிகமான மிஷினுக்கு வழிவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, தள்ளி நிற்பது இருவர் பொறுப்பும்தான்.

அண்ணன் காட்டிய நாணயம் எது என்றும் பாருங்கள். 2013 ஜூனில் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்கள் எல்லாமே எஃகின்மேல் பூச்சுப் போட்டவை. 10, 20, 50 காசுகளில் நிக்கல் பூச்சு, 5 காசில் பித்தளைப் பூச்சு, ஒரு வெள்ளியில் நடுவே ஒன்று, வளையத்தில் மற்றொன்று. டிடெக்டருக்குத் தெரிவது பெரும்பாலும் பூச்சுக்கு உள்ளே இருக்கும் எஃகுதான். இலக்கின் வகையைக் காட்டத் திரையில் வரும் எண் துள்ளித் துள்ளி வரும், அல்லது இரும்பு என்று காட்டும். இரும்பை ஒதுக்கும் மோடில் வைத்திருந்தால் வாயே திறக்காமலும் போகலாம். அதற்கு முந்தைய பொன்னிற ஒரு வெள்ளி அலுமினிய வெண்கலம், அது சுத்தமாக ஒலிக்கும். அடுத்தமுறை யாராவது நாணயத்தை நீட்டினால், முதலில் எந்த வருடத்து நாணயம் என்று கேளுங்கள்.

உண்மையான சோதனை வேண்டுமென்றால் காய்ந்த மணலில் செய்யுங்கள். சிக்னல் எதுவும் வராத ஒரு மீட்டர் சதுரத்தைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியை விமான மோடில் போட்டுத் தூர வைத்துவிடுங்கள், மற்ற மிஷின்கள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பழைய ஒரு வெள்ளி, புதிய ஒரு வெள்ளி, ஒரு மோதிரம், பானக்குவளையின் இழுப்பு வளையம், இந்த நான்கையும் 10 சென்டிமீட்டரில் படுக்கைவசமாகப் புதைத்து மணலைக் காலால் மிதித்து இறுக்குங்கள். இரண்டு திசைகளிலிருந்தும் வீசிப் பார்த்து, இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஒலியை மட்டும் கணக்கில் எடுங்கள். பிறகு 15, பிறகு 20. புதைத்தவற்றை மறக்காமல் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் மிஷினைப் பற்றி யார் பேசினாலும் அது வாய்ப்பந்தல்.

அவர்கள் சொல்வதில் உண்மை எது

ஒன்று உண்மை, அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். கடல்நீரில் நனைந்த மணலில் உங்கள் மிஷின் திணறும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அலைவரிசை மிஷினுக்கு ஈர மணல் முழுவதும் ஒரு பெரிய அலுமினியத் தாள் போலத் தெரிகிறது. மணலின் சொந்தச் சிக்னலைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸைச் சரிசெய்ய முடிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஏஸ் 300இல் அது தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது, நாம் தொட முடியாது. பல அலைவரிசை மிஷின்கள் ஒரே இலக்கை வெவ்வேறு அலைவரிசைகளில் ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிடுகின்றன. பணம் நிஜமாகவே வாங்கித் தருவது இந்த அமைதியைத்தான். கூடவே, கேரட்டில் காயில் மட்டும்தான் நீரில் முங்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் அலை புகுந்தால் கதை முடிந்தது.

இருப்பதை வைத்துச் சமாளிக்க வழி உண்டு. சென்சிட்டிவிட்டியில் (உணர்திறனில்) இருக்கும் எட்டுக் கட்டங்களில் இரண்டு மூன்றைக் குறையுங்கள். காயிலை மணலில் உரசாமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் தூக்கி, அதே உயரத்தில் வைத்திருங்கள். வீச்சு அலைக்கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். நீரை நோக்கி வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் மணல் காய்ந்து, நனைந்து, காய்ந்து மாறும், மிஷின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூவும். அப்படியும் அடங்கவில்லையா, காய்ந்த மணலுக்கு வந்துவிடுங்கள். விரிப்பு போட்டு உட்காரும் வரிசை, கைப்பந்து ஆடும் இடம், பிள்ளைகள் மணல்வீடு கட்டும் ஓரம் எல்லாம் காய்ந்த மணலில்தானே இருக்கின்றன! ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பார்பிக்யூ அடுப்புகளைச் சுற்றி மட்டும் போகாதீர்கள். அலுமினியத் தாள், கம்பி, புட்டி மூடி என்று ஒரு காலை முழுவதும் குப்பைதான் அள்ளுவீர்கள்.

இனி உண்மையில்லாதது. ‘விலை ஐந்து மடங்கு, ஆழமும் அந்தக் கணக்கில்’ என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காயிலிலிருந்து கிளம்பும் காந்தப் புலம், காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழங்களில், தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது. நாணயம் திருப்பி அனுப்பும் புலமும் அப்படியேதான். இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. ஆழம் இரட்டித்தால் திரும்பி வருவது 64இல் ஒரு பங்கு. அதனால்தான் எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் நாணய அளவுப் பொருளுக்கு நல்ல மிஷினுக்கும் மிக நல்ல மிஷினுக்கும் உள்ள ஆழ வித்தியாசத்தை விரல் அகலத்தில்தான் அளக்க முடிகிறது. விலை உயர்ந்த மிஷினில் கிடைப்பது ஆழத்தைவிட, குப்பைக்கு நடுவில் ஒரு நல்ல ஒலியைப் பிரித்துச் சொல்லும் வேகம். அது மதிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் மலையளவு இல்லை.

அப்படியானால் அண்ணன் ‘முடித்த’ இடத்தில் மோதிரம் எப்படி மிஞ்சியது? தங்க மோதிரங்கள் எண் அளவில் நடுவே விழும். இழுப்பு வளையமும் தாளும் விழும் அதே இடம். குப்பை தோண்டிக் களைத்தவர்கள் அந்த எண்களை ஒதுக்கிவிட்டு, உயர்ந்த எண்களில் ஒலிக்கும் நாணயங்களை மட்டும் தோண்டுவார்கள். தங்கமும் குப்பையோடு மண்ணிலேயே கிடக்கும். மற்றொன்று, வீச்சுகளுக்கு இடையிலான இடைவெளி. காயிலுக்கு அடியில் அதன் பிடி போகப்போகக் குறுகும். மேலே காயில் முழுவதும் தடவியதாகத் தோன்றும், அரை அடி கீழே பாதி மணல் தொடப்படாமலே இருக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். உங்கள் 7க்கு 10 அங்குலக் காயிலில் வீச்சுக்கு வீச்சு ஐந்து அங்குலத்துக்குமேல் முன்னேறக் கூடாது. வேகமாக நடப்பவரிடம் மேண்டிகோர் இருந்தாலும் ஏஸ் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். “280 வெள்ளி மிஷின் மேண்டிகோரின் மூக்கை உடைத்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். மிஷினை வைத்து ஆளை அளப்பது அண்ணனின் பழக்கம் என்றால், இதுவும் அதே தராசுதான், நீங்கள் மறுதட்டில் நிற்கிறீர்கள், அவ்வளவே. மணலில் ஒரு மெல்லிய சங்கிலியைப் புதைத்தால் இரண்டு மிஷின்களும் சேர்ந்து தோற்கும். சங்கிலியை டிடெக்டர் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சிறு பொருளாகப் பார்க்கிறது. கொக்கிதான் சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

1,100 வெள்ளி

ஈக்வினாக்ஸ் 800 நல்ல மிஷின். 2018இல் வந்தது. பல அலைவரிசை, மூன்று மீட்டர் ஆழம் வரை நீர் தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்வது. ஈர மணலில் உங்கள் குறை தீரும். ஆனால் நீங்கள் வாங்க நினைப்பது ஈர மணலுக்காகவா, அந்தக் காப்பி மேசைக்காகவா? கடிதத்தில் ஈர மணல் இரண்டு இடத்தில் வருகிறது, சிரிப்பு ஆறு இடத்தில் வருகிறது.

ஈர மணல்தான் காரணம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. அதே மைன்லேப் 2019இல் கொண்டுவந்த வேன்குவிஷ் வரிசையில் பல அலைவரிசை நுட்பம் விலை குறைவாகவே கிடைக்கிறது. பெட்டி நீர் தாங்காது, முழங்காலுக்குமேல் இறங்க முடியாது, அவ்வளவுதான் குறை. நோக்டா நிறுவனத்தின் லெஜண்ட் மிஷினும் பார்க்கத் தக்கது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். விட்டுவிட்டுத் துடிப்பாக அலை அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் மிஷின் உப்பை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரிக்காது, ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் குனிய வேண்டும். முதுகு உங்களுடையது.

மிஷினுக்கு முன் வாங்க வேண்டியவை வேறு. ஒன்று, நல்ல ஹெட்ஃபோன். அலை இரைச்சலில் பாதி ஒலி காதில் விழுவதே இல்லை, ஆழத்தில் கிடப்பது கிசுகிசுப்பாகத்தான் பேசும். இரண்டு, பின்பாயிண்டர். குழிக்குள் எங்கே இருக்கிறது என்று காட்டும் கைக்கருவி. இதில் போலிகள் நடமாட்டம் உண்டு, சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மூன்று, மணலை அள்ளிச் சலிக்கும் துருப்பிடிக்காத எஃகு ஸ்கூப், துளை எட்டு முதல் பத்து மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதானால் காதுத்தோடு வழுக்கிவிடும். மூன்றையும் சேர்த்தாலும் அண்ணன் கேட்கும் தொகையின் ஒரு பகுதிதான்.

சரி, ஈக்வினாக்ஸ்தான் என்று முடிவெடுத்தால், மீதியைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: திரைக்குப் பின்னால் நீராவிப் படலம் இருக்கிறதா, காயிலைத் தண்டில் பொருத்தும் காதுகளில் விரிசல் உண்டா, சார்ஜ் ஏற்றி முழுக்காலை தாங்குகிறதா, தொடர் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்தால் அசல் என்கிறார்களா, உத்தரவாதம் கைமாறுமா. நீரில் போட்டுப் பார்ப்பதை விற்பவரே உங்கள் முன்னால் செய்யட்டும்.

அனுப்பிய 300 வெள்ளி? சட்டத்தில் அச்சாரம் வேறு, பகுதிப்பணம் வேறு. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் பொதுவாக அதை இழப்பார். நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி “300 அனுப்பிட்டேன்ண்ணே, மீதி அடுத்த மாசம்” என்று மட்டும் இருக்கிறது. திருப்பித் தரமாட்டேன் என்று அவரும் எழுதவில்லை. இதைப் பகுதிப்பணமாக, அதாவது திருப்பிக் கேட்கக்கூடிய விலையின் ஒரு பகுதியாக, பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு விலகுவதும் ஒப்பந்த மீறல்தான். அதனால் அவருக்கு உண்மையில் நஷ்டம் வந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். அவர் கடைக்காரர் அல்லர் என்பதால் பொருளின் தரத்துக்குச் சட்டம் தரும் மறைமுக உத்தரவாதம் உங்களுக்குக் கிடைக்காது. ‘தண்ணி ஏறவே இல்ல’ என்பது போன்ற வார்த்தைகள் பொய்யானால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும், ஆகவே அவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடைசிப் படி சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வரக் கூடாது, எனக்கு வேலை இல்லை. ஆனால் 300 வெள்ளிக்காக ஞாயிற்றுக்கிழமை முகம்பார்க்கும் மனிதரை மன்றத்துக்கு இழுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பேசுங்கள்: “அண்ணே, வீட்ல பணம் வேற செலவுக்கு இருக்கு. மிஷின் இப்ப வேணாம். அந்த முந்நூற முடிஞ்சப்ப குடுங்க.” இதில் சண்டைக்கு இடமில்லை. தருகிறாரா இல்லையா என்பதிலேயே அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

மனைவியிடம் பேசுவது இதற்கும் முன்னால். ஊருக்குப் போக அவர் சேர்த்த பணத்தில் கைவைத்துவிட்டுப் பிறகு சொல்வதற்கும், இப்போதே 300 போய்விட்டது என்று சொல்வதற்கும் தூரம் அதிகம்.

மோதிரம் யாருடையது

1722இல் லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் ஒரு நகையைக் கண்டெடுத்தான். விலை கேட்கப் பொற்கொல்லர் கடைக்குப் போனபோது, அங்கிருந்த கையாள் கற்களை எடுத்துக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். உண்மையான உரிமையாளரைத் தவிர வேறு எவருக்கும் எதிராகக் கண்டெடுத்தவனின் உரிமை நிற்கும் என்றது நீதிமன்றம். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் வேரூன்றிய நம் சட்டத்திலும் அடிப்படை அதுதான். அண்ணனின் பாதிப் பங்குக்கு பதில் இதிலேயே இருக்கிறது. பொதுக் கடற்கரையில் ஓர் இடத்தில் முதலில் நடந்தவருக்கு அந்த இடம் சொந்தமாகிவிடாது. குழுவில் பங்கு பிரிக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்திருந்தாலும், பிறருடைய மோதிரத்தை நீங்கள் இருவரும் பங்கு போட முடியாது.

ஆனால் ‘கண்டெடுத்தவனுக்குச் சொந்தம்’ என்று நீங்கள் நினைப்பதும் தவறு. நிலத்துக்குள் புதைந்து கிடந்த பொருள் என்றால் நிலத்துக்கு உரியவரின் கை ஓங்குகிறது. இங்கிலாந்தில் வேவர்லி நகர மன்றத்தின் பூங்காவில் ஒருவர் டிடெக்டரால் இடைக்காலத் தங்க ஊக்கு ஒன்றைத் தோண்டியெடுத்தார், ஏறக்குறைய ஒன்பது அங்குல ஆழத்தில். அது நகர மன்றத்துக்கே என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்காவுக்கு வந்து உலாவ அனுமதி உண்டு, தோண்டி எடுத்துப்போக அனுமதி இல்லை என்பது அதன் சாரம். உங்கள் மோதிரம் கிடந்ததும் அரை அடி ஆழத்தில்.

எல்லாவற்றுக்கும் மேல் உரிமையாளர் இருக்கிறார். தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்று எடுத்துக்கொள்வதைப் பற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். கண்டெடுத்த பொருளுக்கு அந்தப் பிரிவு தனி விளக்கமே தருகிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்துவைப்பது குற்றமில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும், அல்லது நியாயமான முயற்சி எடுத்து நியாயமான காலம் காத்திருப்பதற்கு முன்பும், தனதாக்கிக்கொள்வது குற்றம். சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று, யாருடையது என்று தெரியாத விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரிமையாளரைத் தேடாமல் உடனே விற்பவர். அவர் குற்றவாளி என்று அச்சில் இருக்கிறது. நீங்கள் தேக்காவில் செய்ய நினைத்தது எழுத்துக்கு எழுத்து அதுதான். உங்களுடையதில் பெயரெழுத்தும் தேதியும் வேறு பொறித்திருக்கின்றன.

இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்ததற்காகப் பயப்படாதீர்கள். இன்னும் தாமதிப்பதுதான் தவறாகும். மோதிரத்தை உள்ளும் புறமும் படமெடுங்கள். கிடைத்த நாள், நேரம், இடம், ஆழம் எழுதிவையுங்கள். துலக்கவோ மெருகேற்றவோ வேண்டாம். நெருங்கிய அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறுக்கு முன்

அனுமதி பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் பூங்காக் கடற்கரைகள் தேசியப் பூங்காக் கழகத்தின் பராமரிப்பில் இருப்பவை. செந்தோசா தனி நிர்வாகம். எந்தக் கரை, எந்த நேரம், எந்த அளவு ஸ்கூப் என்று குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பதிலைக் கைப்பேசியில் வைத்திருங்கள். ‘எல்லாரும் போறாங்க’ என்பது யாரையும் காப்பாற்றாது. இதை உங்கள் குழுவில் முதலில் செய்பவராக நீங்கள் இருந்தால், மிஷின் விலை பேச்சு தானே பின்னுக்குப் போகும் என்பது என் கணிப்பு.

பெரிய, நீண்ட இரும்புச் சிக்னல் வந்தால் தோண்டாதீர்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டுக்காக 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. துருப்பிடித்த உருளை போல ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி 999ஐ அழையுங்கள்.

மோதிரத்துக்குத் திரும்பி வருகிறேன். உள்ளே பொறித்திருப்பதை நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள், வேண்டுமென்றே இங்கே அச்சிடவில்லை. ‘இந்த மாதிரி மோதிரம் கிடைத்திருக்கிறது’ என்று எங்கும் படம் போடாதீர்கள். கடற்கரையில் அதைக் கைமாற்றிப் பார்த்த நண்பர்களிடமும் இதையே சொல்லிவையுங்கள். யாராவது உங்களைத் தேடி வந்தால் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். எந்த எழுத்து, எந்தத் தேதி, எந்த விரல், எப்போது தொலைந்தது என்பதையெல்லாம் கேட்டு வருபவர் தன் வாயால் சொல்லட்டும்.